டைனோசர் உருவங்களின் தயாரிப்பு மாறுபாடுகள்: வண்ணத்தைக் கடைசியில் பாருங்கள்

ஒரே பெயரில், ஒரே பட்டியல் எண்ணில் பல ஆண்டுகள் விற்கப்படும் டைனோசர் உருவம் அந்தக் காலம் முழுவதும் ஒரே பொருளாக இருப்பதில்லை. பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெயரில் சஃபாரி நிறுவனம் 1988-இல் தொடங்கிய 1:40 அளவு வரிசை 2015-இல்தான் முடிவுக்கு வந்தது. இந்த இடைக்காலத்தில் அதன் உருவங்கள் பல மறுவண்ணம் பெற்றன. சில முற்றிலும் புதிதாகச் செதுக்கப்பட்டன. வால் தரையில் இழுபட நின்ற டைரனோசாரஸ், அறிவியலின் போக்கை ஒட்டி, வாலை உயர்த்திக் கிடைமட்டமாக நிற்கும் உருவத்துக்கு இடம் கொடுத்தது. இத்தகைய பெரிய மாற்றங்களை எவரும் கண்டுகொள்வர். ஒரு சேகரிப்பாளரின் உழைப்பைக் கேட்பவை அவற்றுக்கு இடையே நிகழ்ந்த சிறு மாற்றங்கள்: ஓர் எழுத்து வரி கூடுவது, நகங்களின் வண்ணம் நின்றுபோவது, பிளாஸ்டிக் சற்றே கெட்டியாவது.

பல ஆண்டுகளாக இந்த உருவங்களைச் சேகரித்தும், பிறர் அனுப்பும் உருவங்களை ஒப்பிட்டுச் சொல்லியும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு முறை உண்டு. கண்ணை முதலில் ஈர்ப்பது வண்ணம். ஆனால் சான்றாக அதைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். உருவத்தை வார்க்கும் அச்சு விட்டுச் சென்ற தடயங்கள் முதலில், பிளாஸ்டிக்கின் தன்மை அடுத்து, வண்ணம் அதற்கும் பின்னர். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் வெயிலில் வெளிறிய உருவங்களெல்லாம் அரிய பதிப்புகள் என்ற பெயரில் விலைபோகின்றன.

ஆகவே கையில் எடுத்ததும் உருவத்தைக் கவிழ்த்து, அடிவயிற்றையும் தொடைகளின் உட்புறத்தையும் பாதங்களின் அடியையும் பார்க்கத் தொடங்குகிறேன். அங்கே பெரும்பாலும் ஒரு காப்புரிமைக் குறியும் ஓர் ஆண்டும் இருக்கும். அந்த ஆண்டு, உருவம் செதுக்கப்பட்ட அல்லது அச்சு உருவான காலத்தைச் சொல்கிறதே தவிர, கையிலுள்ள உருவம் எந்த ஆண்டில் வார்க்கப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. 1988 என்று பொறித்த உருவம் பத்தாண்டுகளுக்குப் பிறகு தொழிற்சாலையிலிருந்து வெளிவந்திருக்கலாம். அச்சை மாற்றாத வரை அந்த எண்ணும் மாறாது. விற்பனை விளம்பரங்களில் காணும் தவறான ஆண்டுகளில் பெரும்பகுதி இந்த ஒரு குழப்பத்திலிருந்தே பிறக்கிறது.

வார்க்கப்பட்ட காலத்தை நெருங்க உதவுபவை, காப்புரிமை ஆண்டைச் சுற்றியுள்ள மற்றக் குறிகள். மேற்கு ஜெர்மனி என்று பொறிக்கப்பட்டிருந்தால், அந்த எழுத்து 1990 அக்டோபர் 3-ஆம் நாள் இரு ஜெர்மனிகளும் இணைவதற்கு முன்னர் அச்சில் ஏறியது என்று கொள்ளலாம். ஜெர்மானிய அஞ்சல் குறியீடுகள் 1993 ஜூலை 1 முதல்தான் ஐந்து இலக்கங்களாயின. அதனால் ஜெர்மானியப் பொம்மைத் தயாரிப்பாளரான ஷ்லைக் நிறுவனத்தின் ஷ்வேபிஷ் க்முண்ட் முகவரியோடு 73527 என்ற எண்ணும் சேர்ந்திருந்தால், அந்த முகவரி வரி அந்த நாளுக்கு முன் எழுதப்பட்டிருக்க இயலாது. பொருள் ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கியது என்பதைக் காட்டும் சி.இ. குறி, 1988-இல் பிறப்பிக்கப்பட்ட பொம்மைப் பாதுகாப்பு ஆணை நடைமுறைக்கு வந்த 1990-ஆம் ஆண்டு முதல் பொம்மைகளில் இடம்பெறத் தொடங்கியது. அமெரிக்கச் சந்தைக்காக 2009 ஆகஸ்ட் 14-க்குப் பின் தயாரான சிறுவர் பொருள்களில் உற்பத்தித் தொகுதியைக் கண்டறியும் தடக்குறி கட்டாயமானதால், அக்காலத்துக்குப் பிந்தைய உருவங்களில் சிறிய எண்களும் எழுத்துகளும் மை கொண்டு அச்சிடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். சி.இ. குறியைப் போன்ற பிரிட்டனின் யு.கே.சி.ஏ. குறி 2021-இல்தான் வந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக லெஸ்டர் நகரின் இன்விக்டா நிறுவனம் 1974 முதல் வெளியிட்ட வரிசையைத் தேடுபவர்களுக்கு இன்னொரு செய்தியும் பயன்படும்: அந்த அருங்காட்சியகம் பிரிட்டிஷ் மியூசியம் (இயற்கை வரலாறு) என்ற பழைய பெயரைச் சட்டப்படி கைவிட்டது 1992-இல், எனவே பெட்டியிலும் அட்டையிலும் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்பது கவனத்துக்குரியது.

இந்தக் குறிகளை அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது. ஒரு குறி இருப்பது, இந்த உருவம் இன்ன காலத்துக்கு முந்தையதன்று என்று சொல்லப் போதுமானது. அது இல்லாதிருப்பது பெரிதாக எதையும் சொல்வதில்லை. சட்டம் குறியை அட்டையிலோ பெட்டியிலோ இட அனுமதிக்கும்போது, தயாரிப்பாளர் அச்சைத் தொடாமலே விட்டிருக்கலாம். அதேபோல, மேற்கு ஜெர்மனி என்ற எழுத்துள்ள அச்சு 1990-க்குப் பின்னரும் சில காலம் திருத்தப்படாமல் ஓடியிருக்க வாய்ப்பு உண்டு. குறி அச்சில் ஏறிய காலமும் உருவம் வார்க்கப்பட்ட காலமும் வேறு வேறு என்பதை ஒவ்வொரு முறையும் நினைவில் நிறுத்துவது இந்த வேலையின் பாதி.

எழுத்துகளைப் படிப்பதோடு, அவை அங்கே எப்படி வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் இதைவிடப் பயன் தந்த சோதனை வேறில்லை என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். உருவத்தில் மேடாக எழும்பி நிற்கும் எழுத்து, எஃகு அச்சில் பள்ளமாகக் குடையப்பட்டது. அச்சில் புதிதாக ஒரு பள்ளம் குடைவது எளிது. ஏற்கெனவே உள்ள பள்ளத்தை அகற்றுவதோ கடினம். அதை உலோகத்தால் நிரப்பி, தேய்த்து, சுற்றியுள்ள தோல் வடிவத்தை மீண்டும் பொறிக்க வேண்டும். பெரும்பாலான தொழிற்சாலைகள் கடைசிப் பணியைச் செய்வதில்லை. ஆகையால் நீக்கப்பட்ட எழுத்து இருந்த இடம் உருவத்தில் செதில்களற்ற ஒரு வழவழப்பான திட்டாகத் தெரியும். உருவத்தில் பள்ளமாக அமிழ்ந்த எழுத்துக்கு இந்தக் கணக்கு நேர்மாறானது: அச்சில் அது மேடு, மேட்டைத் தேய்த்து நீக்குவது எளிது, புதிதாக எழுப்புவது கடினம். அப்படி எழுப்ப வேண்டியபோது ஒரு சிறு உலோகத் தகட்டை அச்சில் பதிப்பார்கள். அந்தத் தகட்டின் விளிம்பு உருவத்தின் மேல் மெல்லிய செவ்வகக் கோடாக விழும்.

இதைக் கொண்டு தீர்ந்த ஒரு வழக்கைச் சொல்லலாம். கவச டைனோசர் ஒன்றின் இரண்டு உருவங்களை ஒரே நேரத்தில் பார்க்க வாய்த்தது. ஒன்றின் வயிற்றில் நிறுவனப் பெயர், ஆண்டு, முகவரி என மூன்று வரிகள். மற்றொன்றில் பெயரும் ஆண்டும் மட்டும். முகவரி இல்லாததே முதற்பதிப்பு என்று விற்றவர் உறுதியாக நம்பினார். அதற்கேற்பவே விலையும் வைத்திருந்தார். எழுத்துகள் காலப்போக்கில் கூடுவதே வழக்கம் என்பதால் அந்த ஊகத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கைவிளக்கைத் தரைமட்டத்தில் பிடித்து, ஒளி வயிற்றின் மேல் சாய்வாக விழும்படி பார்த்தபோது, முகவரி இல்லாத உருவத்தில் சரியாக அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் தோலின் சுருக்கங்கள் நின்றுபோய், ஒரு மழுங்கிய பட்டை தெரிந்தது. முகவரி முதலில் இருந்து, பின்னர் அழிக்கப்பட்டிருக்கிறது. அதாவது முதற்பதிப்பு என்று சொல்லப்பட்டதே பிந்தையது. நேர் மேலிருந்து விழும் ஒளியில் இந்தப் பட்டை கண்ணுக்கே தெரியவில்லை. சாய்வொளி இல்லாமல் எடுத்த புகைப்படத்தை வைத்துக்கொண்டு அடிவயிற்றைப் பற்றி நான் எந்த முடிவும் சொல்வதில்லை.

அச்சின் காயங்களும் இதே வகையில் பேசும். நாணயவியலாளர்கள் முத்திரையில் விழுந்த விரிசல் வளர்வதைக் கொண்டு நாணயங்களைக் கால வரிசைப்படுத்துவதைப் போல, டைனோசர் உருவங்களையும் அச்சின் தேய்மானத்தைக் கொண்டு முன்பின்னாக அடுக்க முடியும். அச்சுச் சுவரில் ஒரு சில்லு பெயர்ந்தால், அதற்குப் பின் வார்க்கப்படும் ஒவ்வோர் உருவத்திலும் அந்த இடத்தில் ஒரு சிறு புடைப்பு தோன்றும். அச்சின் இரு பாதிகளும் சேரும் விளிம்பு தேயத் தேய, முதுகிலும் வாலிலும் ஓடும் இணைப்புக் கோடு தடிக்கும். பிளாஸ்டிக் கசிந்து மெல்லிய இறகு போல நீளும். செதில்களின் கூர்மை, பல்லிடுக்குகளின் ஆழம், கண்ணிமையின் மடிப்பு ஆகியவை முதலில் மழுங்கும் இடங்கள். ஒரு புடைப்பு உள்ள உருவமும் இல்லாத உருவமும் கிடைத்தால், இல்லாததே முந்தையது என்று முதற்கட்டமாகக் கொள்ளலாம். அச்சைப் பழுதுபார்த்திருந்தால் இந்தக் கணக்கு குழம்பும் என்பதால், ஒரே ஒரு காயத்தை நம்பாமல், தொடர்பற்ற இரண்டு மூன்று தடயங்கள் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கால வரிசை பேசும் ஆர்வத்தில் பலர் கவனிக்கத் தவறுவது, ஒரே அச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட குழிவுகள் இருக்கும் என்பதை. சிறிய உருவங்களை ஒவ்வொன்றாக வார்ப்பது கட்டுப்படியாகாது. ஒரே அழுத்தத்தில் நான்கு, எட்டு என வார்ப்பார்கள். ஒவ்வொரு குழிவும் தனித்தனியாகச் செதுக்கி முடிக்கப்படும்போது அவற்றிடையே நுண்ணிய வேறுபாடுகள் இருக்கும். வாத்து அலகு டைனோசர் ஒன்றின் சிற்றுருவத்தில் தொண்டை மடிப்பு ஆழமாக உள்ளவையும் ஆழமற்றவையும் கிடைத்து வந்தன. முந்தைய பதிப்பு, பிந்தைய பதிப்பு என்று அவற்றைப் பிரித்து எழுதியவர்களும் உண்டு. எனக்குக் கிடைத்தவற்றை வரிசையாக அடுக்கி, வாலின் அடியைப் பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் ஓர் ஒற்றை இலக்க எண் இருந்தது. ஆழமான மடிப்பு எப்போதும் ஒரே எண்ணோடுதான் வந்தது. பிளாஸ்டிக், வண்ணம், மற்ற எழுத்துகள் எல்லாம் அனைத்திலும் ஒன்றே. அவை ஒரே நாளில் ஒரே இயந்திரத்திலிருந்து விழுந்த உடன்பிறப்புகள். இத்தகைய வேறுபாட்டைப் பதிவு செய்வதில் தவறில்லை. குழிவு வேறுபாடு என்றே அதற்குப் பெயர் கொடுக்க வேண்டும், பதிப்பு என்று சொல்லக் கூடாது.

பெரிய உருவங்களில் கழுத்து, வால், கால் ஆகியவை தனித்தனியாக வார்க்கப்பட்டு ஒட்டப்படுகின்றன. ஒட்டிய கோணத்தில் தெரியும் வேறுபாடு பணியாளரின் கையால் வந்தது. ஒட்டு விழும் இடமே மாறியிருந்தால், அல்லது பொருத்தும் முளையின் வடிவம் மாறியிருந்தால், அச்சு மாறியிருக்கிறது என்று பொருள். அது உண்மையான பதிப்பு மாற்றம்.

அச்சுக்கு அடுத்தது பிளாஸ்டிக். அமெரிக்கப் பொம்மைத் தயாரிப்பாளரான லூயிஸ் மார்க்ஸ் நிறுவனம் 1955-இல் தொடங்கி வெளியிட்ட டைனோசர்களைச் சேகரிப்போர் இதை நன்கு அறிவர். பருத்த வயிறு கொண்ட டைரனோசாரஸும் பின்னர் வந்த மெலிந்த டைரனோசாரஸும் வெவ்வேறு செதுக்கல்கள் என்பதால் அவற்றைப் பிரிப்பது எளிது. ஆனால் ஒரே அச்சு பல ஆண்டுகளில் சாம்பல், பச்சை, பழுப்பு எனப் பல நிறப் பிளாஸ்டிக்கைக் கண்டது. பழைய அச்சுகளிலிருந்து பிற்காலத்தில் மறுவார்ப்புகளும் வெளிவந்தன. அவற்றைப் பிரிக்க நிறம் மட்டும் போதாது. பழைய உருவங்களின் பாலிஎத்திலீன் மெழுகைத் தொடுவது போன்ற வழவழப்பும் ஓரளவு விறைப்பும் கொண்டது. மறுவார்ப்பில் பிளாஸ்டிக்கின் கலவையும் பளபளப்பும் விறைப்பும் பெரும்பாலும் மாறிவிடுகின்றன. உறுதியாக அறிந்த ஓர் உருவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றொன்றின் வால் நுனியை மெல்ல வளைத்து, விரல்களால் வேறுபாட்டை உணர்வது நல்ல பயிற்சி. பழையவை வயதால் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கக்கூடும் என்பதால், வளைப்பது மயிரிழை அளவுக்கு மேல் வேண்டாம்.

பிளாஸ்டிக்கின் வகையை அறிய எளிய, தீங்கற்ற சோதனை தண்ணீர். பாலிஎத்திலீனின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, எனவே மிதக்கும், பி.வி.சி. மூழ்கும், பாலிஸ்டைரீன் தண்ணீரைவிடச் சிறிதளவே கனமானது என்பதால் நல்ல தண்ணீரில் மூழ்கி, உப்பை நிறையக் கரைத்த நீரில் மிதக்கும். வண்ணம் பூசாத, உட்குழிவற்ற உருவங்களுக்கு மட்டுமே இந்தச் சோதனை பொருந்தும். உள்ளே வெற்றிடம் உள்ள உருவம் எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் மிதந்து தவறான விடை தரும். சூடான கம்பியைத் தொட்டுப் பார்ப்பது, தீயில் சுரண்டலை எரித்துச் சுடரின் நிறம் பார்ப்பது போன்ற பழைய வழிகளைக் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உருவம் கெடுவது ஒருபுறம் இருக்க, பி.வி.சி. எரியும்போது வரும் புகை நச்சுத்தன்மை உடையது.

பி.வி.சி. உருவங்களிலேயே ஒரு கால எல்லை உண்டு. மென்மைக்காகச் சேர்க்கப்படும் தாலேட் வகைகள் சிலவற்றை ஐரோப்பா 1999-இல் முதலில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளிலும், 2007 முதல் மூன்று வகைகளை எல்லாப் பொம்மைகளிலும் கட்டுப்படுத்தியது. அமெரிக்கக் கட்டுப்பாடு 2009 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்த மாற்றங்களால் அச்சு மாறாமலே கலவை மாறிய உருவங்கள் பல உள்ளன. வடிவமும் எழுத்தும் வண்ணமும் ஒன்றாக இருந்து, ஒன்று குழைவாகவும் மற்றொன்று கெட்டியாகவும் இருக்கும்போது இந்த எல்லையை நினைத்துப் பார்க்கிறேன். ஆயினும் தொடுகையை மட்டும் நம்ப முடியாது. மென்மையாக்கி ஆண்டுக்கணக்கில் மேற்பரப்புக்குக் கசிந்து வருவதால் பழைய பி.வி.சி. பிசுபிசுப்பதும் உண்டு, உள்ளே விறைத்துப்போவதும் உண்டு. கசியும் மென்மையாக்கி அருகிலுள்ள பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும் என்பதால், பி.வி.சி. உருவங்களைக் கெட்டியான ஒளிபுகும் பாலிஸ்டைரீன் பெட்டிகளில் நேரடியாகப் படும்படி வைக்காதீர்கள்.

அளவெடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் போலி மறுவார்ப்பைப் பிடிக்க இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. அசல் உருவத்தையே மாதிரியாக வைத்துப் புதிய அச்சு செய்தால், அந்த அச்சிலிருந்து வரும் வார்ப்பு குளிரும்போது மீண்டும் சுருங்கும். பிளாஸ்டிக்கைப் பொறுத்து இந்தச் சுருக்கம் சுமார் 1 முதல் 3 விழுக்காடு வரை இருக்கும். 150 மி.மீ. நீளத்தில் 2 விழுக்காடு என்பது 3 மி.மீ.; வெர்னியர் காலிப்பரில் தெளிவாகத் தெரியும் வேறுபாடு. ஆனால் மூக்கிலிருந்து வால்நுனி வரை அளப்பது வீண். வாலும் கழுத்தும் வளைந்து நிமிர்வதால் அந்த எண் ஒவ்வொரு முறையும் மாறும். மண்டையோட்டின் நீளம், இடுப்பின் அகலம், பாதத்தின் நீளம் போன்ற, வளையாத மூன்று இடங்களை அளக்கிறேன். மூன்றும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைந்து, நுண்வடிவமும் மழுங்கியிருந்தால் அது போலி மறுவார்ப்பு. மூன்றில் ஒன்று மட்டும் குறைந்திருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். கொம்பு டைனோசர் ஒன்றின் மேல் இருந்த ஐயம் இப்படித்தான் நீங்கியது: கழுத்துக் கேடயம் சிறியதாகத் தெரிந்தது, ஆனால் பாதமும் இடுப்பும் அசலோடு பொருந்தின, கேடயத்தின் விளிம்பை யாரோ அரம் கொண்டு தேய்த்துச் சீராக்கியிருந்தார்கள். ஒரே அச்சிலிருந்து வந்த உருவங்களுமே கலவைக்கு ஏற்ப ஒரு விழுக்காடு அளவு வேறுபடக்கூடும் என்பதால், மிகச் சிறிய வேறுபாட்டைக் கொண்டு யாரையும் போலி விற்றவர் என்று சொல்லிவிடக் கூடாது.

இப்போது வண்ணம். ஓர் உருவத்துக்கு வண்ணம் ஏறும் வழியைத் தெரிந்துகொண்டால்தான் எது மாற்றம், எது கைத்தவறு என்று பிரிக்க முடியும். அடிவண்ணம் பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கும், அல்லது முழுதும் தெளிக்கப்படும். பட்டைகளும் புள்ளிகளும் உருவத்தின் மேல் பொருந்தும் உலோக மறைப்பு வழியாகத் தெளிக்கப்படும். பற்கள், நகங்கள், நாக்கு ஆகியவை தூரிகையால் தீட்டப்படும். கண்ணின் கருமணி தூரிகையாலோ, மென்மையான திண்டு கொண்டு பதிக்கும் அச்சு முறையாலோ இடப்படும். இவற்றில் தூரிகை வேலை ஒவ்வோர் உருவத்திலும் வேறுபடும். அதற்குப் பொருள் கற்பிக்க வேண்டாம். மறைப்பின் வழியே விழுந்த பட்டையின் எல்லை ஓரளவு நகரலாம்; ஆனால் பட்டைகளின் எண்ணிக்கையோ வடிவமோ மாறாது. அது மாறியிருந்தால் மறைப்பே மாறியிருக்கிறது, அதாவது தயாரிப்பு மாறியிருக்கிறது. தூரிகையால் இட்ட கண், பதித்த கண்ணாக மாறுவதும் அப்படியே.

வண்ண வேலையின் படிகளை எண்ணுவது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. அடிவண்ணம், வயிற்று வண்ணம், பட்டை, நகம், பல், நாக்கு, கண், கருமணி எனப் பட்டியலிட்டு, இரண்டு உருவங்களிலும் எத்தனை படிகள் உள்ளன என்று பார்க்கிறேன். ஒவ்வொரு படியும் தொழிற்சாலைக்குச் செலவு. நெடுநாள் விற்பனையில் இருந்த உருவத்தில் நாக்கின் சிவப்பு நின்றுபோவதும், பின்கால் நகங்கள் வண்ணமின்றி விடப்படுவதும் அந்தச் செலவைக் குறைக்கும் முடிவுகளாகவே பெரும்பாலும் இருக்கும். நிறத்தின் அடர்த்தி தொகுதிக்குத் தொகுதி தானாகவே மாறும். ஒரு படி தானாக நின்றுபோவதில்லை, யாரோ முடிவெடுத்திருக்க வேண்டும்.

சில வரிசைகளில் வண்ண வேறுபாடு தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டதாகவோ, வெளிப்படையான மறுவெளியீடாகவோ இருக்கும். இன்விக்டாவின் உருவங்கள் முதலில் ஒற்றை நிறப் பிளாஸ்டிக்கில் வந்து, பின்னாளில் வண்ணம் தீட்டிய வடிவிலும் வெளிவந்தன. பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் பெயரில் பாட்டாட் நிறுவனம் 1990-களில் வெளியிட்ட உருவங்கள் சில, பிற்பாடு டெர்ரா என்ற பெயரில் புதிய வண்ணத்தோடு திரும்பின. டைக்கோ நிறுவனம் ஆயுதங்கள் பூட்டி விற்ற தன் டைனோசர்களைப் பின்னர் அமெரிக்காவின் அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியனின் பெயரில், ஆயுதங்களின்றி மீண்டும் வெளியிட்டது. இத்தகைய இடங்களில் எழுத்தும் வண்ணமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றனவா என்று பார்த்தால் போதும். மோல்ட்-எ-ராமா இயந்திரங்கள் பார்வையாளர் கண்முன்னே வார்த்துக் கொடுத்த மெழுகு போன்ற டைனோசர்களில் நிறத்தைப் பதிப்பாகக் கருதுவதற்கு நான் உடன்படுவதில்லை. இயந்திரத்தில் அன்று ஊற்றிய பிளாஸ்டிக் எந்த நிறமோ அந்த நிறத்தில்தான் உருவம் வரும்.

வெளிறலைப் பற்றி நண்பர் ஒருவர் கொண்டுவந்த ஸ்டெகோசாரஸை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். பட்டியல் படங்களில் பச்சையாக உள்ள உருவம், அவரிடம் நீலம் கலந்த சாம்பலாக இருந்தது. நீல வகை அரிய பதிப்பு என்று அவரிடம் விற்கப்பட்டிருந்தது. பச்சை பெரும்பாலும் நீல நிறமியும் மஞ்சள் நிறமியும் கலந்த கலவை. நீல நிறமிகள் ஒளியைத் தாங்குவதில் வலிமை மிக்கவை. மலிவான மஞ்சள் நிறமிகள் பல அப்படியல்ல. வெயிலில் மஞ்சள் அழிந்தால் மிஞ்சுவது நீலம். முதுகுத் தகடுகளுக்கு இடையே அடிப்பகுதியிலும், வாயின் உட்புறத்திலும், தொடை வயிற்றோடு சேரும் மடிப்பிலும் பார்த்தோம். மூன்று இடங்களிலும் பச்சை அப்படியே இருந்தது. உருவத்தின் ஒரு பக்கம் மற்றதைவிட நீலமாக இருந்ததும் சன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் காட்டியது. தொழிற்சாலை நிறத்தை மாற்றியிருந்தால் இடுக்குகளிலும் அது மாறியிருக்கும். சிவப்பு, ஊதா, ஆரஞ்சு வண்ணங்களிலும் இதே சோதனையைச் செய்யாமல் முடிவுக்கு வரக் கூடாது.

தனியார் மறுவண்ணம் பூசியதைக் கண்டறியவும் இடுக்குகளே உதவும். இணைப்புக் கோட்டின் மேல் ஏறி அதை மூடிய வண்ணம், அடிவயிற்று எழுத்துகளின் உள்ளே தேங்கிய வண்ணம், மறைப்பின் கூரிய எல்லைக்குப் பதிலாகத் தூரிகையின் மயிர்க்கோடுகள் ஆகியவை ஐயத்துக்குரியவை. 365 நானோமீட்டர் புறஊதா விளக்கில் ஒரே நிறமாகத் தெரிந்த இரு பகுதிகள் வேறு வேறாக ஒளிர்ந்தால், இரண்டு வெவ்வேறு வண்ணங்கள் பயன்பட்டுள்ளன என்று அறியலாம். தொழிற்சாலையே இரு வகை வண்ணம் பயன்படுத்தியிருக்கக் கூடும் என்பதால் அந்த விளக்கின் விடையும் மற்றச் சான்றுகளோடு சேர்ந்தே நிற்க வேண்டும். கரைப்பானில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்ப்பதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

நிற்கும் தோற்றத்தை வைத்துப் பிரிப்பவர்களும் உண்டு. முன்னோக்கிச் சாய்ந்த வகை, நிமிர்ந்த வகை என்று விற்கப்படும் இருகால் உருவங்கள் பலவும் ஒரே வகைதான். பி.வி.சி. கால்கள் உடலின் எடையாலும் வெப்பத்தாலும் மெல்ல வளைகின்றன. வெந்நீரில் சற்று நேரம் வைத்து நிமிர்த்திக் குளிர்நீரில் இட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. பெட்டிக்குள் நெருக்கி அடைக்கப்பட்டதால் வளைந்த வாலுக்கும் இது பொருந்தும்.

ஒரு வேறுபாட்டைப் பதிப்பு என்று எப்போது ஏற்கலாம்? வெவ்வேறு இடங்களிலிருந்து, வெவ்வேறு உரிமையாளர்கள் வழியாக வந்த சில உருவங்களிலாவது அதே வேறுபாடு இருக்க வேண்டும். அத்துடன் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே வர வேண்டும்: புதிய எழுத்து வரியும் பதித்த கண்ணும், அல்லது கெட்டியான பிளாஸ்டிக்கும் குறைந்த வண்ணப் படிகளும். தனித்து நிற்கும் ஒரே உருவம் எவ்வளவு வியப்பூட்டினாலும், அதை ஐயக்குறியோடு குறித்துவைத்துக் காத்திருக்கிறேன். சோதனை வார்ப்பு, விற்பனையாளருக்கான மாதிரி போன்றவை உண்மையிலேயே உள்ளன. ஆனால் அவற்றை நிறுவ உருவத்துக்கு வெளியே ஒரு சான்று, அட்டையோ கடிதமோ பழைய பட்டியலோ, வேண்டும். பட்டியல் படங்களைச் சான்றாகக் கொள்ளும்போதும் கவனம் தேவை: பட்டியல் அச்சாகும் நேரத்தில் உற்பத்தி தொடங்கியிராததால், பல சமயம் படத்தில் இருப்பது கையால் தீட்டிய முன்மாதிரியாகவே இருக்கும், அந்த வண்ணத்தில் ஓர் உருவம்கூட விற்பனைக்கு வந்திராமல் போகலாம்.

என் பதிவேட்டில் ஒவ்வோர் உருவத்துக்கும் அடிவயிற்று எழுத்துகளை வரி பிரித்து அப்படியே எழுதுகிறேன். எழுத்து மேடா பள்ளமா மையா என்பதையும், மூன்று அளவுகளையும், கிராம் கணக்கில் எடையையும், வண்ணப் படிகளையும், எப்போது யாரிடமிருந்து எந்த அட்டையோடு வந்தது என்பதையும் சேர்க்கிறேன். எடை குறிப்பாக முக்கியம்: அளவு மாறாமல் எடை மட்டும் மாறியிருந்தால் உள்ளே குழிவு வந்திருக்கிறது அல்லது கலவை மாறியிருக்கிறது. புகைப்படம் எடுக்கும்போது நடுநிலைச் சாம்பல் அட்டை ஒன்றையும் அளவுகோலையும் படச்சட்டத்துக்குள் வைக்கிறேன். அந்த அட்டை இல்லாத படங்களில் இரண்டு பச்சைகளை ஒப்பிடுவதற்குப் பொருளே இல்லை. விற்பவர் உருவத்தோடு வந்த விற்பனை அட்டையைக் கழற்றி எறிய முற்பட்டால் தடுத்துவிடுங்கள். உருவம் மௌனமாக இருக்கும் இடத்தில் அட்டையின் பட்டைக்கோடும் முகவரியும் பல சமயம் விடை சொல்லியிருக்கின்றன.

நேரில் பார்க்க இயலாமல் வாங்க நேரும்போது விற்பவரிடம் ஐந்து படங்களைக் கேட்கிறேன்: சாய்வொளியில் அடிவயிறு, வாயின் உட்புறம், முன்பாதங்கள் நகங்களோடு, முதுகின் இணைப்புக் கோடு, சாம்பல் அட்டைக்கோ வெள்ளைத் தாளுக்கோ அருகில் முழு உருவம். எடையையும் மண்டையின் நீளத்தையும் கேட்கிறேன். அக்கறையுள்ள விற்பனையாளர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. சிலர் கேட்டதைவிடக் கூடுதலாகவே அனுப்பியிருக்கிறார்கள். படங்கள் கிடைக்காத இடத்தில், அரிய பதிப்பு என்ற விலையை விட்டுவிட்டு, அந்த உருவத்தின் சாதாரணப் பதிப்புக்குரிய விலையை மட்டுமே சொல்கிறேன்.